ஒலிக்காத அழைப்பின் தடம்

செல்போனில் ஒருவரைப் பிடிக்க முடியாதபோது இரண்டு விதமான பதில்கள் வரும். போன் சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டிருக்கிறது என்று ஒரு குரல் சொல்லும். அல்லது அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று சொல்லும். இரண்டும் ஒன்றுதான் என்று அலுத்துக்கொண்டு வைத்துவிடுகிறோம். அடுத்த முறை கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். முதல் அறிவிப்பு பெரும்பாலும் எண்ணை அழுத்திய கையோடு வந்து விழும். இரண்டாவது வருவதற்கு முன் சில நொடிகள் ஒரு சத்தமும் இருக்காது. மணியும் அடிக்காது, அழைப்பும் அறுந்திருக்காது. அந்தச் சில நொடிகளில் ஒரு தேடல் நடந்து தோற்றுப்போகிறது.

தோற்றுப்போன அழைப்பு பிறகு என்ன ஆகிறது? போனை மறுபடி ஆன் செய்ததும் இன்னார் இத்தனை மணிக்கு அழைத்தார் என்று எஸ்எம்எஸ் வருகிறதே, அதை எழுதியது யார்? போன் எழுதியிருக்க முடியாது. போனில் நாம் பார்க்கும் மிஸ்டு கால் பட்டியல், மணி அடித்தும் எடுக்காமல் விட்டவற்றின் பட்டியல். அணைத்து வைத்த போனுக்கு வந்த அழைப்போ அந்தப் போனின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. எந்த ஆப் போட்டாலும், லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய போனாக இருந்தாலும், இந்த நிலை மாறாது. கணக்கு எழுதப்பட வேண்டிய இடம் நெட்வொர்க்கின் உள்ளே இருக்கிறது. அங்கே கட்டாயம் எழுதித்தான் ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பலருக்கும் தெரியாத சங்கதி இதுதான்.

நெட்வொர்க்கின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போகலாம். 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில், ஜிஎஸ்எம் என்ற செல்போன் தரத்தின் முதல் அழைப்பு பேசப்பட்டது. முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி, தம்பெரே நகரத்தின் துணை மேயர் கரீனா சுவோனியோவை அழைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக் ராமிடம் பேசினார். இந்தியாவில் பேசப்பட்ட முதல் செல்போன் அழைப்பு அது. கம்பியில்லாமல் பேசுவது அப்போதே பழைய விஷயம். போலீஸ் வயர்லெஸ் அதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்தது. ஜிஎஸ்எம் வடிவமைத்தவர்களின் தலைவலி வேறு: நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு கருவியை, லட்சக்கணக்கான கருவிகளுக்கு நடுவில், கூப்பிட்ட மாத்திரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்காக இரண்டு வகைப் பதிவேடுகளை வைத்தார்கள். ஹெச்எல்ஆர் என்பது தாய்ப் பதிவேடு. உங்கள் சிம்மின் நிரந்தர விவரமும், கடைசியாக நீங்கள் எந்த எக்ஸ்சேஞ்சின் ஆளுகையில் இருந்தீர்கள் என்ற குறிப்பும் அதில் இருக்கும். விஎல்ஆர் என்பது அந்தந்த எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கும் வருகைப் பதிவேடு. சென்னையில் வாங்கிய சிம்மோடு தென்காசியில் இறங்கினால், அந்த வட்டாரத்து விஎல்ஆரில் உங்கள் வரவு ஏறும். ஆனால் எந்த டவருக்குக் கீழே நிற்கிறீர்கள் என்பது அதற்கும் தெரியாது. ஒவ்வொரு டவரைத் தாண்டும்போதும் போன் தகவல் சொல்லிக்கொண்டிருந்தால் பேட்டரியும் தாங்காது, நெட்வொர்க்கும் தாங்காது. அதனால் பல டவர்களை ஒரு பகுதியாகச் சேர்த்து, பகுதி மாறினால் மட்டும் சொன்னால் போதும் என்று வைத்தார்கள். வீட்டை விட்டு நகராத போனும் அவ்வப்போது ‘இருக்கிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பதை நெட்வொர்க் 6 நிமிட மடங்குகளில் தீர்மானிக்கிறது. குறைந்தது 6 நிமிடம். கூடினால் 25 மணி நேரத்துக்கு மேலும் போகலாம். 4ஜியில் இயல்பான அளவு 54 நிமிடம்.

போனை முறையாக அணைக்கும்போது, திரை இருட்டாவதற்கு முன் அது ஒரு காரியம் செய்கிறது. ‘நான் போகிறேன்’ என்று ஒரு சிறு செய்தியை டவருக்கு அனுப்புகிறது. ஜிஎஸ்எம்மில் இதற்கு நெட்வொர்க் பதில்கூடச் சொல்லாது. சொன்னால் கேட்க ஆள் இருக்காதே. ஃப்ளைட் மோடில் போட்டாலும் இதே மரியாதைதான். பேட்டரி தீர்ந்து தானாக அணையும் போனும் பெரும்பாலும் கடைசி மூச்சில் இதைச் சொல்லிவிட்டே அணைகிறது. விஎல்ஆர் உடனே அந்தச் சிம்முக்கு எதிரே ‘இல்லை’ என்று குறித்துவிடும்.

லிஃப்டுக்குள் நுழைகிறவர் விடைபெற்றுக்கொண்டு நுழைவதில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் சிக்னலை இழக்கும் பேருந்துப் பயணியும் அப்படித்தான். கிணற்றில் தவறி விழுந்த போனுக்கும் விடைபெற நேரமில்லை. இவர்கள் எல்லாருமே விஎல்ஆரின் பார்வையில் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். அழைப்பு வந்ததும் எக்ஸ்சேஞ்ச் அந்தப் பகுதியின் எல்லா டவர்களையும் ஒரே சமயத்தில் கூவச் சொல்கிறது. திருவிழாக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, காணாமல் போன பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போன்ற வேலை. சும்மா கிடக்கும் போன் முழுநேரமும் இந்தக் கூவலுக்குக் காது கொடுப்பதில்லை. தனக்கென ஒதுக்கிய துளி நேரத்தில் மட்டும் விழித்துக் கேட்டுவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். அதனால் நெட்வொர்க் பொறுமையாக, ஒருமுறைக்கு இருமுறை கூவிப் பார்க்கும். ஒரு பதிலும் வராவிட்டால் கையை விரிக்கும். நம் காதில் கேட்ட மௌனம் இந்தக் கூவல் நேரம்தான்.

ஆக, சுவிட்ச் ஆஃப் என்ற பதில் ஏட்டைப் பார்த்துச் சொல்வது. தொடர்பு எல்லைக்கு வெளியே என்பது தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வது. நிறுவனத்துக்கு நிறுவனம் அறிவிப்பின் வாசகம் மாறலாம். உள்ளே ஓடும் கணக்கு இதுதான். எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் இதைக் குரலாகச் சொல்லிக்கொள்வதில்லை, எண்ணாகச் சொல்லிக்கொள்கின்றன. அழைப்பு ஏன் முடிந்தது என்பதற்கு உலகம் முழுவதும் ஒரே எண் பட்டியல் இருக்கிறது. 17 என்றால் எதிர்முனை வேறு அழைப்பில் இருக்கிறது. 19 என்றால் மணி அடித்தது, எடுக்கவில்லை. 20 என்றால் சந்தாதாரர் இல்லை. அழைத்தவரின் எக்ஸ்சேஞ்சுக்கு இந்த 20 போய்ச் சேர்ந்ததும் அங்கே பதிவுசெய்து வைத்த குரல் ஒன்று ஒலிக்கிறது.

இந்தக் கணத்தில் நெட்வொர்க்குக்கு எல்லாமே தெரியும். அழைத்தது யார், யாரை, எத்தனை மணிக்கு, ஏன் கிடைக்கவில்லை என்ற நான்கு விவரமும் அதன் கையில் இருக்கின்றன. வாடிக்கையாளரைப் பொறுத்தவரை, அடுத்த கணமே அது எல்லாவற்றையும் மறந்துவிடலாம். பேசாத அழைப்புக்குக் காசு இல்லை. காசு இல்லாததை பில்லில் தேடவும் முடியாது. தவறிய அழைப்பை உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பது தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டிய ஒரு கூடுதல் சேவை. எல்லாம் இயல்பாகவே நடந்துவிடுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

செல்போனுக்கு முன்பு இந்த ஏற்பாட்டை மனிதர்கள் செய்தார்கள். தெருவுக்கு ஒரு போன் இருந்த காலத்தில் விசிட்டிங் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் எண்ணுக்குப் பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்திருப்பார்கள். போன் பக்கத்து வீட்டில் இருக்கிறது, கூப்பிட்டு விடுவார்கள் என்று அர்த்தம். ஆள் இல்லை என்றால் பக்கத்து வீட்டு மாமி எடுத்துக் கேட்டு, யார் பேசியது, என்ன விஷயம் என்று சாயங்காலம் சொல்லிவிடுவார். அந்த விஷயம் நமக்கு முன்பே தெருவுக்குத் தெரிந்திருக்கும் என்பது வேறு கதை. இயந்திரத்தை வைத்து இந்த வேலையைச் செய்யும் ஆசையும் பழையதே. டென்மார்க்கின் வால்டமர் பவுல்சன் 1898இல் எஃகுக் கம்பியில் காந்த முறையில் ஒலியைப் பதிவு செய்யும் கருவிக்குக் காப்புரிமை கோரினார். டேப் ரெக்கார்டர், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றுக்கும் முப்பாட்டனான அந்தக் கருவிக்கு அவர் மனதில் வைத்திருந்த முக்கிய வேலைகளில் ஒன்று, ஆள் இல்லாதபோது தொலைபேசிச் செய்தியைப் பிடித்து வைப்பது.

அமெரிக்காவில் அந்த வழி வாய்ஸ்மெயிலாக வளர்ந்தது. நம் ஊரில் அது வேர்பிடிக்கவில்லை. காரணத்தைக் காசில் தேடலாம். வாய்ஸ்மெயில் அழைப்பை ‘எடுத்துவிடுகிறது’. எடுத்த கணத்திலிருந்து அழைத்தவருக்கு மீட்டர் ஓடும். இந்தியாவில் 2003 வரை வருகிற அழைப்புக்கே பணம் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் வந்து சேர்ந்துவிட்டேன் என்று பொருள், இரண்டு விட்டால் கீழே இறங்கி வா என்று பொருள் என ஒரு தனி மொழியையே உருவாக்கிய மக்களுக்கு, எடுக்காத அழைப்பே போதுமான செய்தி. அழைத்தவர் யார் என்று தெரிந்தால் போதும், மிச்சத்தைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். நம் நிறுவனங்கள் கொண்டுவந்த மிஸ்டு கால் அலர்ட் இந்தக் குணத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

அது வேலை செய்யும் விதத்தில் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. ஜிஎஸ்எம் தரத்தில் கால் ஃபார்வர்டிங் ஒன்றல்ல, நான்கு. 21 என்ற குறியீடு எல்லா அழைப்பையும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிவிடும். 67, நீங்கள் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் திருப்பும். 61, மணி அடித்தும் எடுக்காவிட்டால் திருப்பும். எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதை 5 முதல் 30 வரை ஐந்து ஐந்தாக வைத்துக்கொள்ளலாம். நான்காவது 62. போன் கிடைக்காதபோது மட்டும் திருப்புவது அது. மிஸ்டு கால் அலர்ட்டின் எளிய வடிவம் இந்த 62தான். திருப்பிவிடப்படும் எண் மட்டும் ஒரு மனிதருடையது அல்ல, நிறுவனத்தின் கணினி ஒன்றுக்கு உரியது.

அழைப்பு அந்தக் கணினிக்குப் போகிறது. கணினி அதை எடுப்பதே இல்லை. எடுக்கத் தேவையும் இல்லை. தொலைபேசி வலைகளில் குரல் போகும் பாதை வேறு, அழைப்பைப் பற்றிய தகவல் போகும் பாதை வேறு. 1980இல் சர்வதேசத் தரமான ஏழாம் எண் சமிக்ஞை முறை இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது. குரலுக்கு வழி திறக்கும் முன்பே தகவல் பாதையில் ஒரு சிறு பொட்டலம் வந்து சேர்ந்துவிடும். அழைத்தவரின் எண், அவர் முதலில் அழைத்த எண், எந்தக் காரணத்தால் திருப்பப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். கணினி அவற்றைப் படித்துக்கொள்கிறது, நேரத்தைக் குறித்துக்கொள்கிறது, அழைப்பை அப்படியே முறித்துவிடுகிறது. யாருக்கும் ஒரு பைசா செலவில்லை. அழைத்தவர் வழக்கமான அறிவிப்பைக் கேட்டுவிட்டுப் போகிறார். தன் எண் ஓரிடத்தில் எழுதப்பட்டது அவருக்குத் தெரியாது. எல்லா நிறுவனமும் இப்படித்தான் செய்கிறது என்றில்லை. சிலருடைய எக்ஸ்சேஞ்சே 20 என்ற காரணம் எழும்போது ஒரு குறிப்பை நேரடியாகக் கணினிக்கு அனுப்பிவிடும். எழுதப்படும் விவரம் ஒன்றுதான்.

அடுத்து அதை உங்களிடம் சேர்க்க வேண்டும். போன் அணைந்தே கிடக்கிறது. இங்கே எஸ்எம்எஸ் கைகொடுக்கிறது. 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் கணினியிலிருந்து அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு தொடங்கிய சேவை அது. குரல் அழைப்புக்கு இல்லாத ஒரு குணம் அதற்கு உண்டு, காத்திருக்கும். செய்தி முதலில் நிறுவனத்தின் எஸ்எம்எஸ் மையத்துக்குப் போய்த் தங்குகிறது. மையம் உங்களைத் தேடுகிறது, நீங்கள் கிடைக்கவில்லை. அது நிமிடத்துக்கு நிமிடம் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதில்லை. தாய்ப் பதிவேடான ஹெச்எல்ஆரில், ‘இவருக்கு இந்த மையத்தில் செய்தி காத்திருக்கிறது’ என்று ஒரு வரி எழுதப்படுகிறது. விஎல்ஆரிலும் ஒரு சிறு கொடி நட்டுவைக்கப்படுகிறது. நீங்கள் போனை ஆன் செய்து அது முதன்முதலாக டவரிடம் தலையைக் காட்டியதும் விஎல்ஆர் அந்தக் கொடியைப் பார்த்து ஹெச்எல்ஆருக்குச் சொல்கிறது. ஹெச்எல்ஆர் தன் பட்டியலைப் பார்த்து மையத்தை உசுப்புகிறது. மையம் செய்தியை அனுப்புகிறது. போன் உயிர்பெற்ற சில நொடிகளிலேயே டிங் டிங் என்று செய்திகள் கொட்டுவதன் காரணம் இதுதான். மையம் சுற்றிச்சுற்றி முயன்றுகொண்டிருந்தால் இந்த வேகம் கிடைக்காது.

எவ்வளவு நாள் காத்திருக்கும்? தரத்தின்படி ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 63 வாரம் வரை ஆயுள் வைக்கலாம். நிறுவனங்கள் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்வதில்லை. சில நாள்களில் காலாவதி ஆக்கிவிடுவதே வழக்கம். வாரக்கணக்கில் அணைத்து வைத்த போனில் பழைய அழைப்புகளின் செய்தி வரவில்லை என்றால் அவை வழியிலேயே காலாவதி ஆகியிருக்கும்.

ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் அது 160 எழுத்து, தமிழில் 70 இடம். ‘கோ’ என்று ஒரே எழுத்தாகத் தெரிவது க என்றும் துணைக்குறி என்றும் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் உண்மையில் எழுதக் கிடைப்பது இன்னும் குறைவு. அதனால் கணினி ஒரே எண்ணிலிருந்து வந்த ஏழு அழைப்பை ஏழு செய்தியாக்காமல், ஏழு முறை அழைத்தார், கடைசியாக இத்தனை மணிக்கு என்று சுருக்கிவிடுகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. செய்தியின் உள்ளே எழுதியிருக்கும் நேரம் அழைப்பு வந்த நேரம். செய்திக்கு மேலே போன் காட்டும் நேரம், சில போன்களில், செய்தி வந்து இறங்கிய நேரம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, இப்போதுதானே கூப்பிட்டீர்கள் என்று விடிகாலையில் அழைத்த ஆளை நடுராத்திரியில் எழுப்புகிறவர்கள் உண்டு.

காத்திருந்து சொல்லும் இந்த ஏற்பாடு எங்கே பயன்படாது என்பதைக் கடற்கரையில் இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். ஜிஎஸ்எம் டவர் தன்னிடமிருந்து போன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை 64 படிகளில்தான் கணக்கிடும். ஒரு படி ஏறக்குறைய 550 மீட்டர். ஆக, சிறப்பு ஏற்பாடு எதுவும் இல்லாவிட்டால் 35 கிலோமீட்டருக்கு அப்பால் சிக்னல் நன்றாகவே எட்டினாலும் பேச முடியாது. குமரி மாவட்டத்துத் தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் இதைவிட வெகு தூரத்தில் தங்குகிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது அவர்களில் பலரைக் கரையிலிருந்து தொடர்புகொள்ளவே முடியவில்லை. அந்த நாள்களில் அந்த எண்களுக்குப் போன ஒவ்வொரு அழைப்பும் ஏதோ ஒரு எக்ஸ்சேஞ்சில் ‘சந்தாதாரர் இல்லை’ என்று முடிந்தது. ஆள் கரைக்குத் திரும்பினால்தான் மிஸ்டு கால் செய்தி அவரிடம் போய்ச் சேரும். ஒக்கிக்குப் பிறகு இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் வழியாக எச்சரிக்கையைப் பெறும் கருவிகள் மீனவர்களுக்காக உருவாக்கப்பட்டன. அவை செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஆனால் பதிலை வாங்கிக்கொண்டு வராது.

இனி, போன் கையில் இருந்தும், சிக்னல் நிறைய இருந்தும், நாம் ‘இல்லாமல்’ போகும் ஒரு வினோதத்தைப் பார்க்கலாம். இந்தியாவில் இரண்டு சிம் போட்ட போன்கள் சர்வசாதாரணம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் ரேடியோ ஒன்றுதான். சும்மா இருக்கும்போது அது இரண்டு நெட்வொர்க்கின் கூவலையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கும். முதல் சிம்மில் பேசத் தொடங்கியதும் அதன் முழு நேரமும் அந்தப் பேச்சுக்கே போய்விடும். அப்போது இரண்டாவது சிம்முக்கு அழைப்பு வந்தால் அந்த நெட்வொர்க் கூவும், கேட்க ஆளிருக்காது. அந்தச் சிம் விடைபெற்றுக்கொண்டும் போகவில்லை. முடிவு, தொடர்பு எல்லைக்கு வெளியே. அரை மணி நேரமாக உள்ளூரிலிருந்து பேசிக்கொண்டிருந்தவரை, எங்கேயாவது மலைக்குப் போயிருக்கிறாரா என்று அழைத்தவர் சந்தேகப்படுவார். கால் வெயிட்டிங் இங்கே உதவாது. அது ஒரே சிம்முக்குள் நடக்கும் சங்கதி. பேச்சு முடிந்ததும் மிஸ்டு கால் அலர்ட் வந்தால் உண்டு. வராவிட்டால் அப்படி ஒரு அழைப்பு வந்ததே தெரியாது. என் கணிப்பில், நகரத்தில் இருப்பவர்கள் தவறவிடும் அழைப்புகளில் லிஃப்டும் சுரங்கப்பாதையும் செய்யும் வேலையை விட இந்த இரட்டைச் சிம் செய்யும் வேலை அதிகம்.

4ஜி வந்து குரலும் டேட்டாவாக மாறியபின் பெயர்கள் மாறின. ஹெச்எல்ஆரின் இடத்தை ஹெச்எஸ்எஸ் பிடித்தது, 20 என்ற எண்ணின் இடத்தில் 480 என்ற பதில் வந்தது. சாரம் அதேதான். ஒரு நல்லது நடந்தது: வைஃபை காலிங் உள்ள போன், டவர் எட்டாத கட்டடத்தின் அடித்தளத்திலும் இணையம் இருந்தால் ‘இருக்கிறேன்’ என்று பதிவாகிவிடும். வாட்ஸப்பின் கதை வேறு. அங்கே தவறிய அழைப்பும் ஒரு செய்தி மாதிரிதான் சர்வரில் காத்திருக்கிறது. சேராத செய்திகளை 30 நாள் வரை வைத்திருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. நெட்டை ஆன் செய்ததும் யாரும் எதையும் செட் செய்யாமலே தவறிய அழைப்பு வந்து நிற்கும். இதற்குப் பழகிய தலைமுறைதான், சாதாரண அழைப்பும் அப்படியே சேர்ந்துவிடும் என்று நம்பி ஏமாறுகிறது.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் 62ஐக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். துபாயில் ரோமிங்கில் இருக்கிறீர்கள், போனை அணைத்துவிட்டீர்கள். சென்னையிலிருந்து அழைப்பு வருகிறது. உங்கள் நிறுவனம் துபாய் விஎல்ஆரிடம் கேட்கிறது. ‘இல்லை’ என்று பதில் வருகிறது. அழைப்பு இந்தியாவிலேயே திருப்பப்படுகிறது. சிக்கல் இல்லை. அதே நீங்கள் போனை அணைக்காமல் துபாயில் சிக்னல் இல்லாத ஓரிடத்தில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். விஎல்ஆர் ‘இருக்கிறார்’ என்று சொல்லிவிடும். அழைப்பு கடல் தாண்டித் துபாய்க்குப் போய், அங்கே கூவிப் பார்த்துத் தோற்று, நீங்கள் 62இல் வைத்த எண் இந்தியாவில் இருப்பதால் மறுபடி கடல் தாண்டி இந்தியாவுக்குத் திரும்பி வரும். திருப்பிவிட்ட எண்ணில் யாராவது எடுத்தால் போகும் பயணம், வரும் பயணம் இரண்டுக்கும் கட்டணம் உங்கள் தலையில்தான் விழும். அழைப்பை எடுக்காமல் முறிக்கும் கணினி என்றால் பாதகமில்லை. வாய்ஸ்மெயிலோ வீட்டு எண்ணோ வைத்திருந்தால் விமானம் ஏறும் முன் எடுத்துவிடுவது பணத்துக்கு நல்லது.

கால் ஃபார்வர்டிங் மோசடிக்காரர்களின் கண்ணிலும் பட்டது. கூரியர் ஆபீஸ், போன் கம்பெனி என்று ஏதோ ஒரு பெயரில் பேசி, *401* போட்டு இந்த எண்ணை அழுத்துங்கள் என்பார்கள். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவர்கள் பக்கம் திரும்பிவிடும். குரல் வழியாக வரும் ஓடிபியும் அதில் சேரும். இதனால் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல், இப்படி அழுத்தும் யுஎஸ்எஸ்டி குறியீடு வழியாக அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்திவைக்குமாறு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

எனக்கு இதைவிட உறுத்தலாக இருப்பது இன்னொரு சேவை. கிடைக்காத ஒருவரை நாம் அழைத்தால், அவர் போன் உயிர்பெற்றதும், நீங்கள் அழைத்த நபர் இப்போது கிடைக்கிறார் என்று நமக்கு எஸ்எம்எஸ் வருகிறது. மேலே சொன்ன அதே கொடி, அதே உசுப்பல், திசை மட்டும் எதிர். ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவைப் பற்றிக் கவலைப்படும் மகளுக்கு அது உதவிதான். தன்னைத் தொல்லை செய்யும் ஒருவனுக்குப் பயந்து போனை அணைத்து வைத்திருக்கும் பெண்ணைப் பற்றியும் அதே செய்தி, அதே வேகத்தில், அந்த ஒருவனுக்குப் போய்ச் சேரும். அழைத்தது யார் என்று எனக்குச் சொல்வது என் கணக்கு. நான் எப்போது விழித்தேன் என்று அழைத்தவருக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் சிம்மில் 62க்கு எந்த எண் வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க *#62# அழுத்தலாம், அல்லது போனின் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறக்கலாம். சில நெட்வொர்க்குகள் தங்களுக்கென்று தனிக் குறியீடு வைத்திருக்கின்றன. அங்கே தெரியாத எண் ஒன்று தெரிந்தால் பதறவேண்டாம், பெரும்பாலும் அது நிறுவனத்தின் கணினியாக இருக்கும். கஸ்டமர் கேரில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம். 21க்கு எதிரே தெரியாத எண் இருந்தால் மட்டும் உடனே நீக்கிவிட்டு வங்கிக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

இரட்டைச் சிம் சிக்கலுக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியமும் இந்த 62தான். முதல் சிம் கிடைக்காவிட்டால் இரண்டாவதுக்கு, இரண்டாவது கிடைக்காவிட்டால் முதலாவதுக்கு என்று ஒன்றையொன்று காட்டி வைப்பது. பேசிக்கொண்டிருக்கும்போது வரும் அழைப்பு இப்படித் திரும்பி வந்து, கால் வெயிட்டிங்காகக் காதில் பீப் அடிக்கும். நன்றாகவே வேலை செய்கிறது. திரும்பும் அழைப்புக்குப் பிளானைப் பொறுத்துக் கட்டணம் விழலாம். ஆனால் ஒரு நிபந்தனைக்கு ஒரே ஒரு எண்ணைத்தான் வைக்க முடியும். அந்த இடத்தில் இரண்டாவது சிம்மை உட்கார வைத்ததும், அங்கே இருந்த நிறுவனத்தின் கணினி வெளியேறிவிடும். பிறகு ஒருநாள் சினிமா தியேட்டரில் போனையே அணைத்து வைக்கிறீர்கள். முதல் சிம்முக்கு வந்த அழைப்பு இரண்டாவதுக்குத் திரும்பும், அது அணைந்திருப்பதால் முதலாவதுக்குத் திரும்பும். இப்படி முடிவில்லாமல் சுற்றாமல் இருக்க, அதிகபட்சம் 5 தாவலோடு நிறுத்த வேண்டும் என்று தரத்திலேயே வரம்பு வைத்திருக்கிறார்கள். தாவி முடிந்ததும் அழைப்பு அறுந்துவிடும். 62ஐ மட்டும் நம்பி அலர்ட் தரும் நெட்வொர்க்காக இருந்தால், படம் முடிந்து போனை ஆன் செய்யும்போது ஒரு எஸ்எம்எஸ்ஸும் வராது.